குரலும் காலமும்

நியூயோர்க் மெற்றோபொலிற்றன் ஒப்பரா மன்றத்தின் வரலாற்றிலே இரண்டு திகதிகள் நெடுநாளாக என் மனத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒன்று 1955ஆம் ஆண்டு ஜனவரி 7ஆந் திகதி. அன்றிரவு மரியன் அண்டர்சன் என்னும் பாடகி அம்மன்றத்தின் மேடையில் முதன்முறையாகத் தோன்றினார். மற்றையது 1985ஆம் ஆண்டு ஜனவரி 3ஆந் திகதி. அன்று லியொன்ரீன் பிறைஸ் என்னும் பாடகி அதே மன்றத்திலே ஒப்பரா வாழ்வுக்கு விடைகொடுத்தார். இருவரும் அமெரிக்க நாட்டுக் கறுப்பினத்தவர். இருவரும் உலகம் சுற்றிப் பாடியவர்கள். முன்னவர் அம்மன்றத்துள் நுழைந்த அன்று அவருக்கு வயது 57. பின்னவர் அங்கிருந்து விடைபெற்ற அன்று அவருக்கும் வயது 57.

தற்செயலாய் ஒத்துவந்த எண்கள் என்று இதனைத் தள்ளிவிடலாம். ஆயின், ஒப்பராப் பாடகரின் வாழ்வு எத்தகையது, அவ்வாழ்விலே ஐம்பத்தேழு வயது என்பதன் பொருள் யாது என்று சிறிது ஆராய்ந்தவர்க்கு இவ்வெண்கள் எளிதிற் கடந்துபோகத் தக்கனவாய்த் தோன்றா.

ஒப்பரா என்பது முற்றும் இசையால் நடத்தப்படும் நாடகம் என்பதை வாசகர் அறிவர். அதன் முதல் நிபந்தனை யாதெனில், பாடகருக்கு ஒலிபெருக்கி இல்லை. மெற்றோபொலிற்றனின் இன்றைய அரங்கிலே ஏறத்தாழ 3,800 ஆசனங்கள் உள்ளன. கூரையை அண்டிய கடைசி மாடத்தில் மலிவான சீட்டுப் பெற்று அமர்ந்திருக்கும் மாணவனுக்கும் பாடகியின் மெல்லொலி கேட்கவேண்டும். அவளுக்கும் அவனுக்கும் இடையே, மேடையின் முன்னுள்ள பள்ளத்தில், வயலின்களும் எக்காளங்களும் முரசுகளுமாக ஒரு பெரும் வாத்தியக் குழு முழங்கிக்கொண்டிருக்கும். விடிய விடிய நடக்கும் கூத்தை ஒலிபெருக்கி இல்லாத காலத்திற் கேட்ட நம் முதியோருக்கு இதன் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

தனியொரு தொண்டை அத்தனை வாத்தியங்களையும் கடந்து செல்வது எப்படி? சுவீடன் நாட்டு ஒலியியல் அறிஞர் ஜொகான் சுண்ட்பேர்க் இதனை ஆராய்ந்திருக்கிறார். வாத்தியக் குழுவின் ஒலிவலு விநாடிக்கு 500 அதிர்வுகள் என்ற அளவினை ஒட்டியே மிகுந்திருக்கும். 3,000 அதிர்வுகளை எட்டும்போது அது மிகவும் மெலிந்துவிடும். பயின்ற ஆண்குரலும் தாழ்ந்த பெண்குரலும் அந்த மெலிந்த இடத்திலே தம் வலுவைத் திரட்டிக்கொள்கின்றன. சொப்பிரானோ எனப்படும் உச்சக்குரற் பெண்கள் வாயின் திறப்பைச் சுருதிக்கேற்ப மாற்றித் தொண்டைக் குழியின் அதிர்வைச் சுருதியோடு பொருத்திக்கொள்கின்றனர். ஆகவே இதிலே முழக்கத்தை முழக்கத்தால் வெல்லும் முயற்சி இல்லை; இடைவெளி அறிந்து நுழையும் நுட்பமே உண்டு. இந்நுட்பம் கைவர எட்டுப் பத்து ஆண்டுகள் செல்லும்.

இவ்வளவையும் செய்யுங் கருவி, பெண்களைப் பொறுத்தவரை, ஓர் அங்குலத்துக்கும் குறைந்த நீளமுடைய இரண்டு தசைமடிப்புகள். உச்சத்திலுள்ள ஒரு சுரத்தைப் பாடும்போது அவை விநாடிக்கு ஆயிரம் முறைக்கு மேலாக ஒன்றோடொன்று மோதுகின்றன. வயலின் பழுதுற்றால் செப்பஞ் செய்யலாம். முந்நூறு ஆண்டுப் பழைய வயலினை இன்றும் வாசிக்கின்றனர். குரலோ உடலுடன் முதிர்ந்து உடலுடன் தேய்வது. பெருங்குரல்கள் முப்பது வயதளவிலே நிறைவெய்தும்; நாற்பதுகளில் ஒளிரும்; ஐம்பதைத் தாண்டியபின் மூச்சின் நீளம் குறையும், உச்சம் கடினமாகும், நீளமான சுரங்கள் நடுங்கத் தொடங்கும். இதற்கு விலக்கானோர் இல்லாமலில்லை. ஸ்பானிய நாட்டவரான அல்பிறெடோ கிறவுஸ் தம் குரலுக்கேற்ற சில வேடங்களையே தெரிந்தெடுத்துப் பாடி, அறுபதைக் கடந்தும் இளங்காதலனாக மேடையில் நின்றார். ஆனால் விலக்கு விலக்கே.

பாட்டாசிரியர்களிடையே ஒரு பழைய அறிவுரை வழங்குகிறது. வட்டிப் பணத்திலே பாடு, முதற்பணத்திலே கைவையாதே என்பர். பணத்தை அளந்து செலவிடும் குடியிற் பிறந்த எனக்கு இவ்வுரை கேட்டவுடனே பிடித்துக்கொண்டது. கேட்பதற்கு எளிதாகவிருந்தாலும் இதனைக் கடைப்பிடிப்பது அரிது. ஏனெனில் உலகப் பெயர் பெற்ற பாடகரின் தொழில் முறை முழுவதும் முதற்பணத்தை எடுத்துச் செலவிடுமாறே அவரைத் தூண்டுகின்றது.

ஜேர்மனியிலே நகரந்தோறும் ஒப்பரா மன்றங்கள் உள்ளன. அங்கே மாதச் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட பாடகர்கள், நம் பாடசாலை ஆசிரியர்களைப்போல, கொடுத்த வேலையைச் செய்து ஓய்வூதியம்வரை காலங் கழிக்கலாம். நாடுவிட்டு நாடு சென்று பாடும் விருந்துப் பாடகரின் நிலை வேறு. அவருக்கு ஊதியம் பாடிய இரவுக்கு மாத்திரமே. தொண்டை கட்டிக்கொண்டால் அன்றைய பணம் இல்லை. ஒப்பந்தங்கள் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்படுவன. நாலாண்டுக்குப் பின் தம் குரல் எந்நிலையில் இருக்கும் என்பதை ஊகித்தே அவர் கையெழுத்திடவேண்டும். இத்தாலியம், ஜேர்மன், பிரெஞ்சு ஆகிய மூன்று மொழிகளிலேனும் சொல்லின் பொருளும் ஒலியும் பிசகாது பாடவேண்டும். முன்பு கப்பலேறி அத்திலாந்திக் கடலைக் கடக்க ஒரு வாரமாயிற்று. அந்த ஒரு வாரம் தொண்டைக்கு ஓய்வாயிற்று. 1958இல் ஜெற் விமானங்கள் அக்கடலைக் கடக்கத் தொடங்கியபின் அந்த ஓய்வும் போயிற்று. திங்கட்கிழமை வியன்னா, வெள்ளிக்கிழமை நியூயோர்க் என்றாகிவிட்டது. விமானத்துள்ளிருக்கும் வறண்ட காற்று குரலுக்கு ஆகாதென்பதைச் சொல்லாத பாடகர் இல்லை.

இப்பொழுது அண்டர்சன் அம்மையாரிடம் வருவோம். அவர் 1897ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆந் திகதி பிலடெல்பியா நகரிற் பிறந்தவர். பெண்குரல்களுள் மிகத் தாழ்ந்ததாகிய கொன்ட்ரால்ற்றோக் குரல் அவருடையது. தேவாலயப் பாடற்குழுவிலே ஆறு வயதிற் பாடத் தொடங்கினார். இசைப் பள்ளியொன்றிற் சேரச் சென்றபோது நிறங் காரணமாகத் திருப்பி அனுப்பப்பட்டார். தேவாலயத்து ஏழை மக்கள் சேர்த்துக் கொடுத்த பணத்திலே தனியாசிரியர்களிடம் பயின்றார். 1925இல் ஒரு போட்டியில் வென்று நியூயோர்க் பில்ஹார்மொனிக் வாத்தியக் குழுவுடன் பாடியும், அவருக்குத் தாய்நாட்டிலே வழி அகலத் திறக்கவில்லை. ஐரோப்பாவுக்குச் சென்றார். ஸ்கண்டிநேவிய நாடுகள் அவரைத் தலைமேற் கொண்டாடின. பின்லாந்தின் இசைமேதை சிபேலியஸ் தம் இல்லத்திலே அவர் பாடக் கேட்டு வியந்தார். 1935இல் சால்ஸ்பேர்க் நகரிலே அவர் பாட்டைக் கேட்ட ரொஸ்கானினி, இத்தகைய குரல் நூறாண்டுக்கொருமுறை கேட்கக் கிடைப்பது என்று சொன்னதாகக் கூறுவர்.

அவ்வாண்டு முடிவிலே நியூயோர்க் திரும்பினார். கப்பலிற் கணுக்கால் முறிந்துவிட்டது. கச்சேரியை நிறுத்திவிட அவர் விரும்பவில்லை. திரையை மூடி, பியானோவின் வளைவிலே அவரைச் சார்த்தி நிறுத்தி, பின்னரே திரையைத் திறந்தனர். நீண்ட அங்கியின் கீழ்க் காற்கட்டு மறைந்திருந்தது. அனுதாபத்தைக் கேட்டுப் பாராட்டுப் பெற அவர் நாணினார் என்பதற்கு இதுவே போதிய சான்று.

அக்காலத்தில் அவருக்கு வயது 38. குரல் உச்சத்தில் இருந்த காலம். அமெரிக்க நகரங்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ எழுபது கச்சேரிகள் பாடினார். பாடிய ஊரிலே தங்க விடுதி கிடையாத இரவுகளும் இருந்தன. 1937இல் பிறின்ஸ்ரன் நகர விடுதி இடமளிக்க மறுத்தபோது, ஐன்ஸ்ரைன் தம் வீட்டிலே அவரைத் தங்கவைத்தார். 1939இல் வாஷிங்ரனிலே நடந்தது உலகறிந்தது. அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர் என்னும் சங்கத்தார் தம் மண்டபத்தை அவருக்குத் தர மறுத்தனர். ஜனாதிபதியின் துணைவியார் எலினோர் ரூஸ்வெல்ற் அச்சங்கத்திலிருந்து விலகினார். ஏப்ரில் 9ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று 75,000 மக்கள் முன்னிலையில் அவர் பாடினார். திறந்த வெளியானமையால் அன்று மாத்திரம் ஒலிவாங்கிகள் முன்னே நின்றன.

இத்தனைக்கும் மெற்றோபொலிற்றன் அசையவில்லை. 1883இல் திறக்கப்பட்ட அம்மன்றத்திலே எழுபத்திரண்டு ஆண்டுகளாகக் கறுப்பினத்துப் பாடகர் ஒருவரேனும் தனிவேடம் ஏற்றதில்லை. 1950இல் நிர்வாகப் பொறுப்பேற்ற ருடோல்ப் பிங் அந்தத் தடையை நீக்கத் துணிந்து அழைத்தபோது அம்மையாருக்கு ஐம்பத்தேழு வயது நடந்துகொண்டிருந்தது.

அவருக்குக் கொடுக்கப்பட்ட வேடத்தையும் கவனிக்கவேண்டும். வேர்டியின் முகமூடி நடனம் என்னும் ஒப்பராவில் வரும் உல்ரிக்கா என்ற குறிசொல்பவள். ஒரே காட்சியில் மாத்திரம் தோன்றுபவள். கதையிலே நீதிபதி ஒருவன் அவளை நாடு கடத்தவேண்டுமென்று கேட்கும்போது அவள் பிறந்த கறுப்பினத்தை இழித்துரைக்கின்றான். எழுபத்திரண்டு ஆண்டு மூடிக்கிடந்த கதவைத் திறந்து முதலிற் கொடுத்த வேடம் இதுவாயிற்று! அவருடைய குரலுக்கும் வயதுக்கும் அது பொருந்திய வேடம் என்பதை மறுக்கமுடியாது. மறுக்க முடியாதென்பதே நெஞ்சை உறுத்துகின்றது. திரை எழுந்ததும், அவர் ஒரு சுரமும் பாடுமுன்னரே, அவையினர் கைதட்டத் தொடங்கிவிட்டனர். தாம் நடுங்கியதையும், உடல் முழுதும் இறுகிப்போனதையும் அவர் தம் வரலாற்றை எழுதிய நூலிலே மறையாது சொல்லியிருக்கிறார். உல்ரிக்காவையன்றி வேறு வேடம் எதனையும் அம்மன்றத்தில் அவர் ஏற்றதில்லை.

இசையறிவு மிக்க என் நண்பர் ஒருவர் இவ்விடத்திலே என்னோடு உடன்படுவதில்லை. அண்டர்சன் அம்மையார் இயல்பாகவே கச்சேரிப் பாடகி. ஐரோப்பிய ஒப்பரா மன்றங்கள் சில அழைத்தபோது நடிப்புப் பயிற்சி போதாதென்று அவரே மறுத்தாரல்லவா என்று கேட்பார். உண்மைதான், மறுத்தார். ஆனால் நடிப்புப் பயிற்சி எங்கே கிடைக்கும்? இளமையிலே சிறு மன்றங்களிற் சிறு வேடங்கள் ஏற்றுத் தேறுவதன்றி வேறு வழி உண்டோ? அவ்வழிகள் அவரது இருபதுகளிலே அடைக்கப்பட்டிருந்தன. நீந்தப் பழக விடாது வைத்து, பின்னர் ஆற்றில் இறங்க அவரே விரும்பவில்லை என்று சொல்வது நியாயமாகாது. நண்பர் இதனை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

மிசிசிப்பி மாநிலத்திலே லோறல் என்று ஒரு சிற்றூர். தந்தை மர ஆலைத் தொழிலாளி; தாய் மருத்துவிச்சி. அவர்கள் மகளாக லியொன்ரீன் பிறைஸ் 1927ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆந் திகதி பிறந்தார். ஒன்பதாவது வயதிலே தாய் அவரை ஜக்சன் நகருக்கு ஒரு கச்சேரி கேட்க அழைத்துச் சென்றார். அன்று பாடியவர் மரியன் அண்டர்சன். 1936ஆம் ஆண்டிலே, தென்மாநிலம் ஒன்றிலே, தன் நிறத்தவளான ஒரு பெண் மேடையில் நின்று பாட, அவை அடங்கிக் கேட்பதை அச்சிறுமி கண்டாள்.

ஆசிரியர்களாகிய வாசகர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்று உண்டு. பிறைஸ் அம்மையார் கல்லூரிக்குச் சென்றது இசையாசிரியையாக வரவே. ஆசிரியர்களே அவர் குரலைக் கண்டு அவரைத் திசை திருப்பினார்கள். நியூயோர்க் ஜூலியார்ட் இசைக் கல்லூரியிற் புலோரன்ஸ் பேஜ் கிம்போல் என்னும் ஆசிரியை அவரை ஏற்றார். அன்று தொடங்கிய குருசிஷ்ய உறவு மாணவி உலகப்புகழ் பெற்ற பின்னும் நீடித்தது. 1952இலே போர்கியும் பெஸ்ஸும் என்னும் ஒப்பராவுடன் ஐரோப்பா சென்றார். 1955 ஜனவரியில், உல்ரிக்காவாக அண்டர்சன் தோன்றிய அதே மாதத்தில், அமெரிக்கத் தொலைக்காட்சியிலே ரொஸ்காவாக நடித்தார். தென்மாநில நிலையங்கள் சில அந்நிகழ்ச்சியை ஒளிபரப்ப மறுத்தன. 1958இல் கரஜான் அழைக்க வியன்னாவில் ஐடாவாகப் பாடினார். 1960இல் மிலான் நகரத்து ஸ்காலாவிலும் அதே வேடம்.

இடையிலே 1958இல் மெற்றோபொலிற்றன் ஐடா வேடத்துக்கு அவரை அழைத்தது. ஐடா அடிமைப் பெண். முதல் வருகை அவ்வேடத்தில் வேண்டாமென்று அறிந்தோர் சொல்ல, அவர் அழைப்பை ஏற்காது விட்டார். முப்பத்தொரு வயதிலே, உலகின் மிகப் பெரிய மேடைகளுள் ஒன்று அழைக்கையில் காத்திருப்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! காத்திருக்க அவருக்குக் காலம் இருந்தது. அதுவே அவருக்கும் அண்டர்சன் அம்மையாருக்கும் இருந்த வேறுபாடு. 1961ஆம் ஆண்டு ஜனவரி 27ஆந் திகதி, வேர்டியின் இல் திரோவத்தோரேயில் லியொனோரா என்ற பிரபுகுலப் பெண்ணாக அம்மேடை ஏறினார். அன்று முடிவிற் கைதட்டல் நாற்பத்திரண்டு நிமிடம் நீடித்ததாகப் பதிவாகியிருக்கிறது. அந்தப் பருவத்திலேயே ஐந்து வேடங்கள் ஏற்றார்.

அவ்வாண்டின் பிற்பகுதியில் ஆபத்து வந்தது. அடுத்த பருவத்தின் தொடக்கத்திலே புச்சினியின் ஒப்பரா ஒன்றிற் பாடிக்கொண்டிருந்தபோது குரல் சிறிது சிறிதாக மறைந்தது. காட்சியின் இறுதிவரை வசனங்களைப் பேசியே சமாளித்தார். இறுதி அங்கத்தை வேறொருவர் வந்து பாடி முடித்தார். கிருமித் தொற்றும் அளவுமீறிய உழைப்புமே காரணம். ஒப்பந்தங்கள் காத்திருந்தன, அவர் மாதக்கணக்காகப் பாடாது ஓய்வெடுத்தார். அதன்பின் அவருடைய வரலாற்றிலே நாம் மிகுதியுங் காண்பது மறுத்த வேடங்களும் குறைத்துக்கொண்ட இரவுகளுமே. 1966இல் மெற்றோபொலிற்றனின் புதிய அரங்கு திறக்கப்பட்டபோது, அந்த முதல் இரவிலே கிளியோபாத்திராவாகப் பாடியவர் அவரே. எழுபதுகளில் ஒப்பராவைச் சுருக்கிக் கச்சேரிகளைப் பெருக்கினார்.

இதனோடு மரியா கலாஸ் அம்மையாரின் வாழ்வை ஒப்பிடாது செல்லமுடியவில்லை. 1949இல் வெனிஸ் நகரிலே, இருபத்தைந்து வயதில், வாக்னரின் கனத்த வேடமொன்றைப் பாடிக்கொண்டிருந்த அவர், வேறொரு பாடகி நோயுற்றமையால் பெல்லினியின் மென்மையும் விரைவுமான வேடமொன்றை ஒரு வாரத்துக்குட் கற்றுப் பாடினார். இரண்டும் இருவேறு தொண்டைகளுக்கு உரியவை. உலகம் வியந்தது, வியக்கத்தக்கதுதான். அக்குரல் அடுத்த பத்தாண்டுகளில் தந்ததை இசைத்தட்டில் இன்றுங் கேட்கும்போது மயிர்க்கூச்செறிகின்றது. ஆனால் 1965 ஜூலை 5ஆந் திகதி இலண்டனில் ரொஸ்கா பாடியதோடு அவரது ஒப்பரா வாழ்வு முடிந்தது. அன்று அவருக்கு வயது 41. குரல் நலிந்ததற்குக் காரணம் யாதென அறிஞர் இன்னும் வாதிடுவர். அவர் அளந்து செலவிட்டிருந்தால் அந்தப் பதிவுகள் அவ்வாறு எரிந்திருக்குமா என்ற கேள்வி எனக்கு உண்டு, விடை இல்லை. அவர் தம் முதற்பணத்தைத் தாமே செலவிட்டார். அண்டர்சன் அம்மையாருடையதோ பிறரால் முடக்கிவைக்கப்பட்டது. இவ்விரண்டையும் ஒரே சோகமாக எண்ண என்னால் இயலவில்லை.

நான் அந்த அரங்குகளை நேரிற் கண்டவனல்லன். இசைத்தட்டும் ஒளிப்பதிவும் நூல்களுமே எனக்கு வாய்த்தவை. 1985 ஜனவரி 3ஆந் திகதி நிகழ்ச்சி அன்று தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டப்பட்டமையால் அதன் பதிவு நமக்கும் கிடைத்திருக்கிறது. வேடம் ஐடா. மூன்றாம் அங்கத்திலே, நைல் நதிக்கரையில், இனிக் காணமுடியாத தாய்நாட்டை நினைந்து ஐடா தனித்துப் பாடும் பாட்டு. அதன் ஏற்றத்தில் வரும் உச்ச சுரம் இளம் பாடகிகளுக்கே அச்சந் தருவது. ஐம்பத்தேழு வயதில் அம்மையார் அதனைத் தொட்டு, மெல்ல இறங்கி வருகிறார். பாட்டு முடிந்தபின் கைதட்டல் நிமிடக்கணக்காக ஓயவில்லை. அவர் வணங்கவில்லை, வேடத்தை விட்டு வெளியே வராது, ஐடாவாகவே நிற்க முயல்கிறார். முகம் மாத்திரம் இலேசாகத் துடிக்கின்றது. இப்பகுதியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். குறை கூறவேண்டுமாயின் நடுச்சுரங்களிற் சற்றுக் கரகரப்பு உண்டு எனலாம்.

அண்டர்சன் அம்மையார் 1964இல் விடைபெறும் பயணத்தை, 1939இல் தமக்கு மறுக்கப்பட்ட அதே வாஷிங்ரன் மண்டபத்திலே தொடங்கி, 1965 ஏப்ரிலில் நியூயோர்க் கார்னகி மண்டபத்திலே முடித்துக்கொண்டார். 1993இல், தொண்ணூற்றாறு வயதில், காலமானார். பிறைஸ் அம்மையார் 1985க்குப் பின் ஒப்பரா வேடம் எதனையும் ஏற்கவில்லை. கச்சேரிகளை 1997வரை தொடர்ந்தார். 2001 ஒக்ரோபரில், செப்ரெம்பர் 11ஆந் திகதி அனர்த்தத்தில் இறந்தோரை நினைந்து கார்னகி மண்டபத்தில் நடந்த கச்சேரிக்கு அவரை அழைத்தனர். அண்டர்சன் அம்மையார் விடைபெற்ற அந்த மேடையிலே, எழுபத்துநான்காவது வயதிலே, ஆத்மிகப் பாடலொன்றைப் பியானோவுடன் பாடினார். அடுத்த பாட்டுக்குத் துணைவாத்தியம் எதுவும் இல்லை. அதன் முடிவிலே சுரத்தை உயர்த்தி, உச்சத்திலே சிரமமின்றி நிறுத்தினார்.